ஜிப் கப்பலும் நீலத் திமிங்கிலமும்

முதல் நாள்: திருப்பூர், திருச்சி, கொழும்பு

தை மாதக் கல்யாணம். அது முடிந்ததும் பதினொரு வீட்டு விருந்து. பதினொன்றாவது வீட்டில் இலையில் மூன்றாவது ஒப்புட்டு விழுந்தபோது என் வீட்டுக்காரர் என் காதோரம் சொன்னார்: “இன்னும் ஒரே ஒரு ஒரம்பரை வீடு பாக்கி இருந்துச்சுன்னா நானே திமிங்கலம் ஆயிருவேன் அம்மிணி.”

எங்கள் பக்கம் தேனிலவு என்றால் ஊட்டி, கொடைக்கானல். கொஞ்சம் கையில் காசு புரண்டால் மாலத்தீவு, பாலி. நான் இலங்கையில் மிரிஸ்ஸ என்றேன். தெற்குக் கடற்கரை ஊர், படகில் போய் நீலத் திமிங்கிலம் பார்க்கலாம். காரணம் இருக்கிறது. ஐந்து வருடமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். பாலூட்டிகள் பாடம் வந்தால் போர்டில் நீலத் திமிங்கிலம் வரைவேன். கடலை நான் பார்த்ததே ராமேஸ்வரத்தில் ஒரு தடவை, கன்னியாகுமரியில் ஒரு தடவை. கோபிக்காரிக்குப் பெரிய தண்ணீர் என்றால் பவானிசாகர், பெரிய மிருகம் என்றால் பண்ணாரி ரோட்டில் நிற்கும் யானை.

அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “கடலுக்குள்ள போயி மீனப் பாக்கறதுக்கா இத்தன காசு? பவானிசாகர்ல மீன வறுத்தே குடுக்கறாங்க கண்ணு.” அது மீன் இல்லை, பால் கொடுக்கிற ஜாதி என்று சொன்னேன். அதற்கு அவர் பார்த்த பார்வையை எழுத முடியாது.

விடியும் முன்னே காரில் கிளம்பினோம். காங்கயம் தாண்டும்போது களத்தில் தேங்காய்ப் பருப்பு காயும் வாசம். வெள்ளகோவில், கரூர் வரைக்கும் வழியெல்லாம் இவர் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. யாரோடு என்று எட்டிப் பார்த்தேன். நீலக் கடல் படத்தின்மேல் பச்சைப் பச்சையாய் அம்புக்குறிகள். ஒவ்வொன்றும் ஒரு கப்பலாம். கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகுமாம், அதை வாங்கிக் காட்டுகிற ஆப் இது.

விஷயம் இதுதான். பனியன் கம்பெனிகளுக்கு ஜிப், பட்டன், லேபிள் சப்ளை செய்வது இவர் தொழில். சிறுவர் ஜாக்கெட் ஆர்டர் ஒன்றுக்கு ஜிப் சீனாவிலிருந்து வர வேண்டும். சீனப் புத்தாண்டு லீவு விட்டால் அங்கே வாரக்கணக்கில் ஒரு ஆள் போன் எடுக்க மாட்டான் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் லீவுக்கு முன்பே கப்பல் ஏற்றிவிட்டார்கள். பெரிய கப்பல் கொழும்பு வரை வரும், அங்கே இறக்கிச் சின்னக் கப்பலில் தூத்துக்குடி.

“அப்ப நம்ம ஜிப்பும் நாமளும் ஒரே ஊருக்குத்தான் போறமுங்களா?”

“ஆமா. அது நமக்கு முன்னால போயிரோணும்னு மாரியாத்தாள வேண்டிக்க.”

திருச்சியில் விமானம் ஏறி பெல்ட்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது போல இருந்தது. திருப்பூரிலிருந்து திருச்சிக்குப் போக எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

இரண்டாம் நாள்: மிரிஸ்ஸ

தெற்கு அதிவேகப் பாதையில் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கிறார்கள். வைத்தியசாலை, மாத்தறை, காலி. ‘காலி’ என்ற பலகையைப் பார்த்து இவர், “ஊரே காலியாமா?” என்றார். கல்யாணமாகி மூன்று வாரத்தில் இப்படி எத்தனை கேட்டுவிட்டேன்.

வீட்டு மாடியில் அறை. வீட்டுக்கார அம்மா கொண்டுவந்து வைத்த காலைச் சாப்பாட்டைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நம்ம சந்தகையேதான், மற்ற ஊரில் இடியாப்பம் என்பார்கள். சின்னச் சின்ன வட்டமாக, சிவப்பரிசி மாவில். தொட்டுக்கொள்ள தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, மிளகாய் போட்டு இடித்த தேங்காய்ச் சம்பல். வெல்லம் கேட்க எனக்குச் சிங்களம் தெரியவில்லை, தேங்காய்ப்பாலும் வெல்லமும் இல்லாமல் சந்தகை சாப்பிட்டுப் பழக்கமும் இல்லை. கையால் சைகை காட்டினேன். அவர் உப்பு கொண்டுவந்தார்.

சாயங்காலம் எல்லோரும் போகிறார்கள் என்று தென்னை மேட்டுக்குப் போனோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு செம்மண் மேடு, அதில் தென்னை. வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். பொள்ளாச்சியில் இவர் பெரியப்பா தோப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் இதே காட்சிதான், கடல் மட்டும் இல்லை. ஆனால் ஒன்று புதுசு. வழியில் ஒரு தோப்பில் மரத்துக்கு மரம் உச்சியில் கயிறு கட்டி, கள் இறக்குகிறவர் கீழே இறங்காமலே அந்தக் கயிற்றில் நடந்து அடுத்த மரத்துக்குப் போகிறார். இவர் கழுத்து வலிக்கும் வரை பார்த்தார். நம் பக்கம் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. இருந்தாலும் இந்தக் கயிற்று வேலை நம் ஊரில் எப்போதும் இருந்ததாக அம்மாவைப் பெற்ற எங்கள் அப்புச்சிகூடச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள்: திமிங்கிலம் இல்லை

வெள்ளனே ஆறு மணிக்கு மீன்பிடித் துறைமுகம். மீன் வாடை, டீசல் வாடை, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. படகு மேல்தளத்தில் முப்பது பேர் இருப்போம்.

மாத்திரை விஷயத்தில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். திருப்பூரிலேயே அவோமின் என்கிற வாந்தி மாத்திரை வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தேன். படகு ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும் என்று அட்டை வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார். நான் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, முதல் அலை படகைத் தூக்கிப் போட்ட பிறகு போட்டேன். போட்ட மாத்திரை பத்து நிமிஷத்தில் கடலுக்கே போய்விட்டது. திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலோரம் முறுக்கு தின்றுகொண்டு போனவள் நான். இங்கே கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரையே போடாத மனிதர் பக்கத்தில் நின்று இஞ்சி பிஸ்கட் தின்கிறார்.

படகில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், பிளாஸ்டிக் பை கொண்டுவந்து கொடுத்து, “பயப்படாதீங்க அக்கா, கரையப் பாக்காதீங்க, தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டையே பாருங்க” என்றான். தமிழ்! நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பையன். பூட்டனார் சேலம் பக்கத்திலிருந்து போனவராம், எந்த ஊர் என்று தெரியாது. “சேலம் உங்களுக்குப் பக்கமா?” என்று கேட்டான். பக்கம்தான் என்றேன். அதற்குமேல் பேச எனக்குத் திராணி இல்லை.

அவன் சொன்ன கோட்டைப் பார்த்தேன். அந்தக் கோட்டில் கப்பல்கள். ஒன்று, இரண்டு, ஐந்து. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வரிசை கட்டிய லாரிகள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக.

டால்பின் கூட்டம் ஒன்று வந்தது. குட்டிகள் தாவிச் சுழன்று விழுந்தன. அழகுதான். ஆனால் வாந்தி எடுக்கிறவளுக்கு எது அழகு? பதினொரு மணி வரை சுற்றியும் திமிங்கிலம் இல்லை. பார்க்காவிட்டால் இன்னொரு நாள் இலவசமாகக் கூட்டிப்போவது இங்கே பல படகுகளில் வழக்கம். வாடிக்கையாளர் மேல் உள்ள அன்பு என்று இவர் சொன்னார். காலி சீட்டு இருந்தால்தானே என்றேன். அப்படித்தான் ஆயிற்று: நாளைக்கு இடம் இல்லை, நாளை மறுநாள் வாருங்கள்.

நான்காம் நாள்: தேவேந்திரமுனை

ஓய்வு நாள். ஆட்டோ பிடித்து மாத்தறை தாண்டி தேவேந்திரமுனைக்குப் போனோம். இலங்கையின் தெற்கு நுனி. 1889-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், 49 மீட்டர் உயரம்.

இங்கே நின்றபோதுதான் நேற்றுப் பார்த்த கப்பல் வரிசை எனக்குப் புரிந்தது. நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கிற கடலில் ஆழம் இல்லை, பெரிய கப்பல் புகமுடியாது. சீனா, சிங்கப்பூர் பக்கமிருந்து சூயஸ் போகிற கப்பல் எல்லாம் இந்த நுனியைச் சுற்றித்தான் போக வேண்டும். திமிங்கிலத்துக்கும் இதே இடம்தான் வேண்டும். பல கரைகளில் மெல்ல மெல்ல ஆழமாகும் கடல், இங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே சடாரென்று பள்ளமாகிவிடுகிறது. அந்த விளிம்பில்தான் அதற்கு இரை கிடைக்கிறது. கப்பல் இடித்துச் செத்த திமிங்கிலங்கள் இந்தக் கரைப்பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022-இல் தன் கப்பல்களை ஏறக்குறைய 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது. 28 கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து காங்கயம் போகிற தூரம், அவ்வளவுதான்.

“நம்முது அந்தக் கம்பெனி கப்பலுங்களா?”

“இல்ல, வேற.” போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள்: பார்த்தோம்

இந்தத் தடவை ராத்திரி படுக்கும்போது ஒரு மாத்திரை, காலையில் ஐந்து மணிக்கு ஒன்று. தூக்கம் கண்ணைச் சுழற்றியது, வயிறு கல் மாதிரி நின்றது.

எட்டு மணி சுமாருக்கு அதே நுவரெலியாப் பையன் மேல்தளத்திலிருந்து கை நீட்டிக் கத்தினான். தூரத்தில் புகைக்கம்பம் மாதிரி ஒன்று நேராக மேலே எழுந்து, காற்றில் சாய்ந்து கலைந்தது. முப்பது அடி இருக்கும். மூக்கு விட்ட மூச்சு அது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனதும் சத்தம் கேட்டது. நான் நினைத்தது லாரி ஏர் பிரேக். “பாய்லர்ல ஸ்டீம் விடறாப்பல இருக்குது” என்றார் இவர். இவர் சொன்னதுதான் சரி. கடைசியில் ஒரு இழுப்பு இருந்தது, அது பிரேக்கில் வராது.

முதலில் தெரிந்தது தலைமேட்டில் மூக்குத் துவாரத்தைச் சுற்றிய திண்டு. அப்புறம் முதுகு. முதுகு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கறுப்பு இல்லை, நீலமும் இல்லை. மழை பெய்து காய்ந்த சிமெண்ட் தரை நிறம், அதில் வெளிர்த் திட்டுகள். தண்ணீருக்குள் இருக்கிற பாகம்தான் பச்சை கலந்த நீலமாக ஒளிவிட்டது. அண்டார்டிகா பக்கத்தில் 30 மீட்டர் வரை வளரும் ஜாதி, இந்தியப் பெருங்கடலில் இருப்பது கொஞ்சம் சின்னது. சின்னது என்றால், சத்தி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை முன்னும் பின்னுமாக ஒட்டி நிறுத்திய நீளம். நாக்கு மட்டுமே ஒரு யானை எடை என்று நான்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போது அது மார்க் வாங்கும் ஒரு வரி.

முதுகு முடியப் போகிறது என்று நினைத்த இடத்துக்கும் பின்னால், வாலுக்குக் கிட்டத்தில், ஒரு சின்ன முக்கோணம் நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் முதுகுத் துடுப்பு. என் கையளவு போலத் தெரிந்தது. ஐந்து வருடமாக போர்டில் நான் அதைச் சுறாவுக்குப் போடுகிற மாதிரி முதுகின் நடுவில் பெரிதாகப் போட்டிருக்கிறேன்! ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தால் அவர்கள் என்னிடம் ஏன் படிக்கிறார்கள்?

நாலைந்து மூச்சு. பிறகு முதுகு வில்லாக வளைந்து, வால் மேலே எழுந்தது. அகலமான இரண்டு இலை, நுனியிலிருந்து தண்ணீர் நூல் நூலாக வடிந்தது. சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. போன இடத்தில் அலை அடங்கி, எண்ணெய் ஊற்றியது போல ஒரு வழவழப்பான வட்டம். அதைக் காலடித் தடம் என்கிறார்கள் படகுக்காரர்கள்.

பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “பத்து நிமிஷம் அக்கா.”

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இவர் தண்ணீரில் ஒரு செந்நிறத் திட்டைப் பார்த்தார். செங்கல் பொடியைக் கரைத்துக் கொட்டியது போல. திருப்பூர்க்காரர் வாயில் முதலில் வந்தது, “இங்கயும் எவனோ சாயத் தண்ணிய விட்டுட்டான்.” 2011-இல் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடியபோது இவர் கல்லூரிப் பையன், நொய்யலில் என்ன நிறம் ஓடியதென்று பார்த்து வளர்ந்தவர். நான் சிரித்துவிட்டு விளக்கினேன். அது திமிங்கிலத்தின் கழிவு. சாப்பிட்ட இறால் வகைச் சின்ன உயிர்களின் நிறம்தான் அந்தச் சிவப்பு. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2003-இல் இந்தக் கடலில் இதையே பார்த்துத்தான் ஆராய்ச்சியில் இறங்கினார். பெரிய திமிங்கிலம் என்றால் குளிர்ந்த கடலில் மேயும், சூடான கடலுக்குக் குட்டி போட வரும் என்பது அதுவரை பாடம். கழிவு இருந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கேயே மேய்கிறது, தூரதேசம் போகாமல் வருடம் முழுக்க இந்தச் சூடான கடலிலேயே இருக்கிறது என்று அவர் காட்டினார். ஒரு சாணித் திட்டை வைத்து இவ்வளவு! கட்டுத்தரை கூட்டுகிற எங்கள் அம்மாவுக்கு இது புரியும், மாட்டுக்கு என்ன சீக்கு என்று சாணியைப் பார்த்தே சொல்லுவார்.

பத்து நிமிஷம் பதிமூன்றாயிற்று. மறுபடி ஸ்டீம், இப்போது வேறு திசையில். உடனே ஆறேழு படகுகள் எஞ்சினை உறுமவிட்டு அங்கே பாய்ந்தன. 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஒரு படகு அதன் பாதைக்குக் குறுக்கே போய் நின்றது. பண்ணாரியில் யானை ரோடு தாண்டும்போது காரை நிறுத்தி இறங்கி செல்ஃபி எடுப்பானே, அவனே படகு வாங்கியிருக்கிறான். எங்கள் படகோட்டியும் படகை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தார். வேண்டாம் என்று நான் பையனிடம் சொன்னேன், அவன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எஞ்சினை நியூட்ரலில் போட்டார். பின்சீட்டில் ஒருவர் முணுமுணுத்தது கேட்டது. நான் கண்டுகொள்ளவில்லை.

அந்தத் திமிங்கிலம் மூன்றே மூச்சு விட்டுவிட்டு, வால்கூடத் தூக்காமல் அமிழ்ந்துவிட்டது. அதற்குப் பின்னால், தெற்கே, சிவப்பும் நீலமுமாகப் பெட்டி அடுக்கிய ஒரு கப்பல் மேற்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடலில் தூரம் பிடிபடாது. இவர் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. திரும்பி வரும் வரைக்கும் இவர் ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி அறையில் பார்த்தோம். நாங்கள் பார்த்த கப்பல் எங்களுடையது இல்லை. எங்களுடையது முந்தின ராத்திரி இரண்டேகால் மணிக்கே தேவேந்திரமுனையைத் தாண்டியிருந்தது. 18 நாட் வேகம், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர். டி.வி.எஸ். 50 வேகம். ஆனால் டி.வி.எஸ். 50 பிரேக் பிடித்தால் நிற்கும்.

ஆறாம் நாள்: கொழும்பு

அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கல்லுக்காகப் போனோம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409-இல் பொறித்த கல். 1911-இல் காலி நகரில் கிடைத்தது, ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்களாம். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. தேனாவரை என்பது நேற்று முன்தினம் நாங்கள் நின்ற அதே தேவேந்திரமுனை. அந்தக் கோவிலை 1588-இல் போர்ச்சுகீசியர் இடித்துவிட்டார்கள். பொன், வெள்ளி, பட்டு என்று போகும் அந்தப் பட்டியல் எனக்கு எங்கள் கல்யாணத்தில் வாசித்த சீர்வரிசையை நினைவுபடுத்தியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் சில எழுத்துகள்தான் பிடிபட்டன.

“அறுநூறு வருசத்துக்கு முன்னாலயே சீனாக்காரன் இந்த ரூட்ல சரக்கு கொண்டாந்திருக்கான் பாரு” என்றார் இவர். கொஞ்ச நேரம் கழித்து, “அதெல்லாம் பாய்மரம்” என்று தானே சொல்லிக்கொண்டார்.

ஏழாம் நாள்: திருப்பூர், கோபி

சரக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் ஃபார்வர்டரிடமிருந்து காலையிலேயே போன். ஜிப் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. இவர் சந்தோஷமாகப் பேசிவிட்டு, கடைசியில், “அடுத்த லோடு தெக்கால தள்ளிப் போற கப்பல்ல போட முடியுங்களா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. அப்புறம் சிரிப்பு. “ரேட்டப் பாத்துட்டுச் சொல்றேனுங்க சார்.”

மத்தியானம் கோபியில் அம்மாவைப் பெற்ற அம்முச்சிக்கு வீடியோ காட்டினேன். முப்பது விநாடி முழுக்கக் கடல், ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு, நடுவில் என் கணவர் கட்டைவிரல். அம்முச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“இதுக்குக் காது இருக்குதா சாமி?”

“வெளிய தெரியாதுங்க அம்முச்சி, உள்ள இருக்குது. நல்லாவே கேக்கும்.”

“அப்பறம் கப்பல் வர்ற சத்தம் கேட்டா ஒதுங்கிக்க வேண்டீதுதான?”

பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து சந்தகை பிழியப் போய்விட்டார். வெல்லத்தோடு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். பழைய பாடத்தைத் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு போர்டில் திமிங்கிலம் வரைந்தேன். துடுப்பை வாலுக்குப் பக்கத்தில், சாக்பீஸ் நுனியால் ஒரு புள்ளி மாதிரி வைத்தேன். முன்பெஞ்சுப் பெண் கை தூக்கினாள்.

“மிஸ், அது மச்சமுங்களா?”